ஒன்பது ஐயங்களின் மலையும் எல்லாளன் சமாதியும்: பழங்கதைகளை ஆராயும் அதிகாரம் யாரிடம்?

கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்று தெற்கே பார்த்தால் கடனீரேரிக்கு அப்பால் பூநகரிக் கரை. யாழ்ப்பாணத்தவர்களில் பலருக்கு இந்த ஊர் என்றதும் நினைவுக்கு வருவது யோகர் சுவாமிகளின் ஆச்சிரமம், அல்லது புனித சவேரியார் பெரிய குருமடம். போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வரும். அரியாலையும் கொழும்புத்துறையும் போர்முனையாகி, யாழ். நகரின் விளிம்பிலேயே எறிகணைகள் வீழ்ந்த நாட்கள் அவை.

ஆனால் இந்தக் கரைக்கு அதைவிடப் பழைய போர் வரலாறு ஒன்று உண்டு. 1591 ஒக்டோபரில் அந்திரே ஃபுர்த்தாடோ தலைமையில் மன்னாரிலிருந்து வந்த போர்த்துக்கேயப் படை கொழும்புத்துறையில்தான் தரையிறங்கியது. அங்கிருந்து நல்லூர் நோக்கி நடந்தது. யாழ்ப்பாண மன்னன் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கம் போர்த்துக்கேயரின் விருப்பத்தின்படி அரியணை ஏற்றப்பட்டான். 1619இல் இராச்சியம் முற்றாக வீழ்ந்ததற்கான பாதை இந்தத் துறையிலிருந்துதான் திறக்கப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தக் கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் இன்னொரு நாட்டில் நடந்துவரும் ஒரு காரியம். சீனாவின் ஹுனான் மாகாணத்தில், யொங்சோ என்ற நகரில் உள்ள ஹுனான் அறிவியல் பொறியியல் பல்கலைக்கழகத்தில், ஷுன் என்ற ஒரு பழங்கால மன்னனின் பண்பாட்டு மரபை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இயங்குகின்றது. ஷுன் உண்மையில் வாழ்ந்தாரா என்பதற்கு அவர் காலத்தைச் சேர்ந்த எழுத்துச் சான்று ஒன்றேனும் கிடையாது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர் எனச் சொல்லப்படும் புராண மன்னன் அவர். அவருக்காக ஒரு பல்கலைக்கழகம் ஆய்வாளர்களை அமர்த்துகின்றது, மாநாடு கூட்டுகின்றது, கட்டுரைகளை வெளியிடுகின்றது.

சீனா இன்று எமக்குத் தொலைதூர நாடல்ல. கொழும்புத்துறைக்கு அயலூரான அரியாலையில் சீன முதலீட்டுடன் கடலட்டைக் குஞ்சு வளர்ப்பு நிலையம் அமைந்ததும், அதைச் சூழ எழுந்த கடற்றொழிலாளர்களின் எதிர்ப்பும் வாசகர்கள் அறிந்தவை. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் மின்திட்டம் சீன நிறுவனத்திற்கு வழங்கப்பட்டதும், அவ்வாண்டு முடிவதற்குள் அது இடைநிறுத்தப்பட்டதும், பின்னர் இந்தியா அந்த இடத்திற்கு வந்ததும் தெரிந்த கதை. 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கந்தனை வழிபட்ட படத்தை எல்லோரும் பார்த்தோம். களனி, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் கொன்பியூசியஸ் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஆகவே சீனம் தனது பழமையை எவ்வாறு ஆராய்கின்றது, அதை என்னவாக ஆக்குகின்றது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம். அதைவிட முக்கியமாக, அந்தக் கண்ணாடியில் எமது நிலையையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம்.

யார் இந்த ஷுன்?

சீன மரபின்படி ஐந்து ஆதிப் பேரரசர்களில் ஒருவர் ஷுன். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை கண்பார்வையற்றவர். சிற்றன்னையும் அவளது மகனும் சேர்ந்து ஷுனைக் கொல்லப் பலமுறை சதி செய்தனர். களஞ்சியத்தின் கூரையில் ஏற்றிவிட்டுக் கீழே தீ மூட்டினர். கிணறு வெட்ட இறக்கிவிட்டு மேலிருந்து மண்ணைப் போட்டு மூடினர். இரண்டிலும் தப்பிய ஷுன், அதன் பின்னரும் பெற்றோருக்கு மகனின் கடமையைத் தவறாது செய்தார். இதைக் கேள்வியுற்ற பேரரசர் யாவோ தன் இரு புதல்வியரையும் அவருக்கு மணம் செய்து கொடுத்து, தன் சொந்த மகனை விட்டுவிட்டு ஷுனிடமே ஆட்சியை ஒப்படைத்தார். ஷுனும் தன் மகனுக்கு முடிசூட்டாமல், வெள்ளத்தைக் கட்டுப்படுத்திய யூ என்பவரிடம் நாட்டைக் கொடுத்தார். ஐந்து நரம்புகள் கொண்ட யாழ் போன்ற கருவியை மீட்டித் தென்றலைப் பாடியவர் என்றும் மரபு அவரைப் போற்றுகின்றது.

முதுமையில் தென்திசைக்குப் பயணம் போன ஷுன் வழியில் இறந்து, ஜியூயி மலையில் அடக்கம் செய்யப்பட்டதாகக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியுள்ளார். அந்த மலை யொங்சோவைச் சேர்ந்த நிங்யுவான் மாவட்டத்தில் உள்ளது. 'ஜியூயி' என்ற பெயருக்கு 'ஒன்பது ஐயங்கள்' என்று பொருள் சொல்வார்கள். ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் ஒன்பது சிகரங்களைப் பார்த்து, எது எது என்று வழிப்போக்கர் ஐயுற்றனராம். 1973இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறை திறக்கப்பட்டபோது, பட்டுத்துணியில் வரையப்பட்ட நிலப்படம் ஒன்று கிடைத்தது. அதில் இந்த மலைப்பகுதியில் ஒன்பது தூண்கள் வரையப்பட்டு, அருகே 'பேரரசர் ஷுன்' என்று எழுதப்பட்டிருந்தது. ஷுன் வாழ்ந்தார் என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் அந்த மலையை ஷுனின் இடமாகக் கருதி வழிபட்டனர் என்பதற்கு இது மறுக்க முடியாத சான்று.

இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில்தான் இந்தக் கட்டுரையின் சாரம் தங்கியுள்ளது. ஒரு கதை உண்மையா என்பது ஒரு கேள்வி. அந்தக் கதையை மக்கள் எப்போதிருந்து, எங்கே, ஏன் சொல்லி வருகின்றனர் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைக்காமல் போகலாம். இரண்டாவதற்கு உழைத்தால் விடை கிடைக்கும்.

ஷுனின் கல்லறைக்குக்கூடப் போட்டி உண்டு. ஷான்சி மாகாணத்தின் யுன்செங் நகரிலும் ஒரு ஷுன் கல்லறை இருக்கின்றது. அவர் கீழ்த்திசை மக்களைச் சேர்ந்தவர் என்று மென்சியஸ் எழுதியதைக் காட்டி ஷான்டோங் மாகாணமும் உரிமை கோருகின்றது. ஒவ்வொரு மாகாணத்திலும் ஆய்வாளர், ஆய்வு மன்றம், நினைவு மண்டபம், உல்லாசப் பயணத் திட்டம். 'சென்' என்ற குடும்பப் பெயரைக் கொண்டவர்கள் தம்மை ஷுனின் வழித்தோன்றல்களாகக் கருதுவதால், தென்கிழக்காசியாவெங்கும் பரந்து வாழும் சீனர்களின் வம்சச் சங்கங்கள் இந்த விழாக்களுக்கு வருகின்றன, நிதியும் தருகின்றன. எமது புலம்பெயர் ஊர்ச் சங்கங்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

ஐயம் குற்றமான கதை

இவ்வாறு புராண மன்னர்களைக் கொண்டாடும் அதே சீனாவில், நூறாண்டுகளுக்கு முன் ஓர் இளம் ஆய்வாளர் மிகத் துணிச்சலான ஒரு கருத்தை முன்வைத்தார். கு ஜியேகாங் என்பது அவர் பெயர். 1923இல் அவர் எழுதியதன் சுருக்கம் இது: சீனப் பழங்கதை அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது; நூல் எவ்வளவு பிந்தியதோ, அது சொல்லும் மன்னன் அவ்வளவு முந்தியவனாக இருக்கின்றான். மிகப் பழைய நூல்களில் யூ மட்டும்தான் வருகின்றார். பின்னர் வந்த நூல்களில் அவருக்கு முன்பாக யாவோவும் ஷுனும் வந்து சேர்கின்றனர். அதற்கும் பின் வந்தவற்றில் அவர்களுக்கும் முன்னவராக மஞ்சள் பேரரசர் தோன்றுகின்றார். காலம் செல்லச் செல்ல வரலாறு பின்னோக்கி நீள்கின்றது என்றார் அவர்.

அன்றைய தேசியவாத அரசு இதை எவ்வாறு எதிர்கொண்டது? 1929இல் அவர் எழுதிய பாடசாலை வரலாற்று நூல் தடை செய்யப்பட்டது. ஆதி மன்னர்களைச் சந்தேகிப்பது தேசத்தின் ஒற்றுமையைச் சந்தேகிப்பதாகும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

பின்னர் ஆட்சி மாறியது, கொள்கை மாறியது. ஆயினும் அரசுக்குப் பழமை தேவைப்படுவது மாறவில்லை. 1996இல் சியா, ஷாங், சோ ஆகிய பழைய மரபுகளின் காலவரிசையை நிர்ணயிக்க அரச திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து சீன நாகரிகத்தின் தோற்றத்தைத் தேடும் பெருந்திட்டம் வந்தது. ஷான்சி மாகாணத்தின் தாவோசி என்ற இடத்தில் 1978 முதல் நடந்த அகழாய்வில் மதிலுடன் கூடிய பெரிய நகரமும், சூரிய உதயத்தை அவதானிக்கப் பயன்பட்டதாகக் கருதப்படும் அமைப்பும் வெளிவந்தன. 2015இல் அந்த நகரம் யாவோவின் தலைநகராக இருக்கக்கூடும் என்று அரச ஆய்வு நிறுவனம் செய்தியாளர் மாநாட்டில் அறிவித்தது. நகரம் உண்மை. அதன் காலமும் உண்மை. அது யாவோவின் நகரம் என்பதை உறுதிசெய்ய, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எழுத்துச் சான்று எதுவும் இல்லை.

சீனத்தின் பலமும் பலவீனமும் இதில் ஒருங்கே தெரிகின்றன. நிதி, ஆள்வலு, தொடர்ச்சி என்பவற்றில் அவர்களுக்கு நிகரில்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரே இடத்தை அகழ்ந்து பதிவு செய்வதற்கு அரச ஆதரவு வேண்டும். ஆனால் அகழ்வுக்கு முன்னரே விடையை எதிர்பார்க்கும் எஜமானன் இருக்கும்போது, ஆய்வாளனின் கை தயங்கத்தான் செய்யும்.

இலங்கைத்தீவில் நடப்பது

எமது தீவிலும் புராண மன்னர்களுக்கு அரச மரியாதை கிடைக்கின்றது. 2019இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட முதலாவது இலங்கைச் செய்மதிக்கு 'ராவணா-1' என்று பெயரிடப்பட்டது. 2020 ஜூலையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணனின் வான்பயணம் குறித்த ஆவணங்கள், நூல்கள் இருந்தால் தந்துதவுமாறு பத்திரிகையில் விளம்பரம் செய்தது. இதை வேடிக்கையாக எண்ணிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதே இராவணன் தன் தாயாருக்கு ஈமக்கடன் செய்த இடமென்று தமிழ்ச் சைவர்கள் பரம்பரையாக நம்பி, ஆடி அமாவாசையில் பிதிர்க்கடன் கழிக்கும் கன்னியா வெந்நீரூற்றில் நடந்தது சிரிப்புக்குரியதல்ல. அங்கிருந்த பிள்ளையார் கோவிலின் இடத்தில் விகாரை அமைக்கும் முயற்சிக்கு எதிராக 2019 ஜூலையில் மக்கள் திரண்டபோது அவர்கள் வழியிலேயே தடுத்து நிறுத்தப்பட்டனர். இராவணனைக் கொண்டாடும் அரசு, இராவணனின் நினைவைச் சுமந்து வந்த மக்களை வாசலில் நிறுத்தியது.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்திற்கான அந்தச் செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. 2021 ஜனவரியில் முல்லைத்தீவு குருந்தூர்மலையில் படையினரின் பிரசன்னத்துடன் அகழ்வு தொடங்கியது. அது தொடர்பான வழக்குகளை விசாரித்து வந்த மாவட்ட நீதிபதி, உயிரச்சுறுத்தலும் அழுத்தமும் இருப்பதாகக் கூறி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். நீதிபதிக்கே இந்த நிலை என்றால், பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரின் ஆய்வுச் சுதந்திரம் எந்த அளவில் இருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடியான ஒரு சம்பவம் அநுராதபுரத்தில் நடந்தது. ஷுனுக்கு நிகராக நீதிக்குப் பெயர்பெற்ற எமது மன்னன் எல்லாளன். அவன் 44 ஆண்டுகள் பக்கச்சார்பின்றி ஆண்டான் என்று மகாவம்சமே கூறுகின்றது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதை இங்கு எல்லாளனுக்கும், திருவாரூரில் மனுநீதிச் சோழனுக்கும் உரியதாகச் சொல்லப்படுகின்றது. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, வீழ்ந்த மன்னனுக்கு நினைவிடம் எழுப்பி, அதைக் கடந்து செல்வோர் வாத்தியங்களை நிறுத்தி மரியாதை செய்ய வேண்டும் என ஆணையிட்டான் என்பதும் மகாவம்சச் செய்தியே. 1818 கிளர்ச்சி தோல்வியடைந்து தப்பியோடிய பிலிமத்தலாவை, களைத்துப்போயிருந்த நிலையிலும் அந்த இடத்தில் பல்லக்கிலிருந்து இறங்கி நடந்தார் என்று ஆங்கிலேயரான ஃபோர்ப்ஸ் பதிவு செய்திருக்கின்றார். அதாவது இரண்டாயிரம் ஆண்டுகளாக, எதிரியின் வழிவந்த சிங்கள மக்களே அந்தச் சமாதியைப் போற்றி வந்திருக்கின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த மேட்டை அகழ்ந்த பேராசிரியர் பரணவிதான, அது தக்கிண தூபி என்ற பௌத்தத் தூபி என்றும், துட்டகைமுனுவின் தகனத்துடன் தொடர்புடையது என்றும் வாதிட்டார். பின்னர் அங்கு கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவினுடையதே என்ற கருத்து அரச மட்டத்தில் ஏற்றம் பெற்றது. இதை ஏற்காத ஜேம்ஸ் ரி. இரத்தினம் எல்லாளன் சமாதி குறித்து எழுதிய ஆய்வை 1981இல் யாழ்ப்பாணத் தொல்லியல் கழகம் வெளியிட்டது. அந்த மேடு உண்மையில் யாருடையது என்பது தொல்லியலாளர் விவாதிக்க வேண்டிய விடயம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழிபாட்டின் வயது ஆவணத்தில் இருக்கின்றது. மரியாதையின் வரலாறு எழுதப்பட்டிருக்கின்றது. சீனர்கள் மாவாங்துய் நிலப்படத்தைக் கொண்டாடியது போல, இந்தத் தீவின் இரு இனங்களும் சேர்ந்து கொண்டாடியிருக்க வேண்டிய நினைவு அது. பெயர்ப்பலகை மாறியதோடு அந்த நினைவும் பொதுவெளியிலிருந்து மறைந்து போனது.

எமது கதைகளை நாம் எப்படிப் பார்த்தோம்?

அரசை மட்டும் குறைசொல்லி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பாதிக் கட்டுரையாகிவிடும். எம்மிடமும் ஒரு தொடக்கக் கதை உண்டு. சோழநாட்டிலிருந்து வந்த கண்பார்வையற்ற யாழ்ப்பாணன் ஒருவன் மன்னன் முன் யாழ் மீட்டி, மணற்றிடல் என்ற வெறும் மணல் நிலத்தைப் பரிசாகப் பெற்று, குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தினான். அதனால் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்தது என்பது அந்தக் கதை. சீனக் கதையிலும் பார்வையற்ற ஒருவர், நரம்புக் கருவி, தெற்கு நோக்கிய பயணம் எல்லாம் வருகின்றன. இதை வைத்து இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று முடிச்சுப் போட வேண்டியதில்லை. கதைகள் எங்கும் ஒரே நூலால்தான் நெய்யப்படுகின்றன.

கு ஜியேகாங்கின் அளவுகோலை இங்கு வைத்துப் பார்ப்போம். 'யாழ்ப்பாணாயன் பட்டினம்' என்ற பெயர் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதரிடமே வந்துவிடுகின்றது. யாழ்ப்பாடியின் கதையோ அதற்குப் பின்னர் எழுந்த நூல்களின் வழியாகவே எம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. அவற்றுள் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க 1736 அளவில் எழுதப்பட்டது. பெயர் முந்தியது, விரித்துச் சொன்ன கதை பிந்தியது. ஊர்ப்பெயருக்கு விளக்கமாகக் கதை வளர்ந்ததா, அல்லது கதைக்குள் ஏதோ ஒரு குடியேற்றத்தின் நினைவு ஒளிந்திருக்கின்றதா?

இந்தக் கேள்வியை எமது முன்னோர் கேட்காமல் விடவில்லை. கு ஜியேகாங் சீனாவில் எழுதிய அதே பத்தாண்டில்தான் முதலியார் இராசநாயகம் 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய தமது பெரிய ஆங்கில நூலையும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தையும் வெளியிட்டனர். இருவரும் பல இடங்களில் கடுமையாக முரண்பட்டனர். ஆயினும் வைபவமாலையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். தடை விதிக்க யாரும் முன்வரவில்லை. அந்த விவாதம் நடந்த யாழ்ப்பாணம் அறிவில் செழித்த யாழ்ப்பாணம்.

பின்னர் 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் வந்தது. 1980இல் பேராசிரியர் இந்திரபாலா தலைமையிலான குழுவினர் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியையும் எழுத்துப் பொறித்த முத்திரையையும் கண்டனர். பொ. இரகுபதி குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளை நடந்து நடந்து ஆய்ந்து நூலாக்கினார். பேராசிரியர் பத்மநாதன் யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாற்றை எழுதினார். பேராசிரியர் புஷ்பரட்ணம் 'சேது' பொறித்த நாணயங்களையும் பூநகரித் தொல்பொருட்களையும் ஆய்ந்தார்.

இந்திரபாலாவின் அனுபவம் தனியே சொல்லத் தக்கது. 1965இல் இலண்டனில் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டில், இலங்கையில் பரந்த தமிழ்க் குடியேற்றங்கள் பிற்காலத்தவை என்று வாதிட்டிருந்தார். அது சிங்களத் தேசியவாதிகளால் எமக்கெதிராகப் பல ஆண்டுகள் எடுத்தாளப்பட்டது. தமிழர் தரப்பில் அவருக்குக் கிடைத்தது கசப்புத்தான். நாற்பது ஆண்டுகளின் பின் 2005இல் வெளியிட்ட நூலில், இடைக்காலத்தில் கிடைத்த தொல்லியல் சான்றுகளைக் கொண்டு தமது பழைய முடிவுகளைத் தாமே திருத்தினார். அவரைத் திருத்தியவை புதைகுழிகளும் மட்பாண்டங்களும் பிராமிப் பொறிப்புகளுமே. மேடைப் பேச்சுகள் அல்ல. அவர் ஐயப்பட்டிராவிட்டால், தேடியிருக்க மாட்டார். தேடியிராவிட்டால், இன்று எம்மிடம் அந்த வலுவான நூல் இருந்திருக்காது.

ஆனால் இந்த ஆய்வு மரபின் மேல் போர் மீண்டும் மீண்டும் விழுந்தது. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ். பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, வீடுகளில் இருந்த காணி உறுதிகள், சாதகங்கள், ஏடுகள், பழைய கணக்குக் கொப்பிகள் என எத்தனையோ தொலைந்தன. வன்னியில் 2009இல் எஞ்சியதும் போனது. தோம்பும் உறுதியும் ஏடும் இல்லாத மக்களிடம் எஞ்சியிருப்பது வாய்மொழி நினைவு மட்டுமே. அந்த நினைவைச் சுமப்பவர்களுக்கு இப்போது எண்பது வயது.

வெளியார் வந்து தோண்டும்போது

எமது மண்ணுக்கும் சீனத்துக்கும் உள்ள பழைய தொடர்பை எடுத்துக்கொள்வோம். 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் அல்லைப்பிட்டியில் சொங் காலச் சீனப் பாண்ட ஓடுகளை அகழ்ந்தெடுத்தார். 2018இல் ஷங்காய் அருங்காட்சியகத்தின் தொல்லியல் குழு மத்திய கலாசார நிதியத்துடன் சேர்ந்து அதே அல்லைப்பிட்டிக்கு வந்தது. அல்லைப்பிட்டியின் ஓடு ஷங்காயில் பட்டுப்பாதையின் சான்றாகின்றது. கொழும்பில் அது இலங்கையின் மரபுரிமையாகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாண்டங்களைக் கப்பலிலிருந்து இறக்கி, விலை பேசி, வண்டியேற்றிய இத்துறைகளின் மக்கள் யார் என்ற கேள்விக்கு அவ்விரு இடங்களிலும் அதிக இடமில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு இதற்கு நல்ல பாடம். 1409ஆம் ஆண்டு எனத் தேதியிடப்பட்ட அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே. அதில் சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாக அளிக்கப்பட்டதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. இந்தக் கடலின் வாணிபத்தில் தமிழ் தவிர்க்க முடியாத மொழியாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதே கடற்படை இத்தீவின் ஆட்சியாளர் அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. காணிக்கையும் விலங்கும் ஒரே கப்பலில் வந்தன. வேட்டி கட்டி வரும் தூதுவர்களை, அவர்கள் எந்த நாட்டவராயினும், வரவேற்பதில் தவறில்லை. இந்தக் கல்வெட்டையும் நினைவில் வைத்துக்கொண்டு வரவேற்கலாம்.

தமிழ்நாட்டிலும் நிலைமை முற்றிலும் வேறானதல்ல. கீழடியில் 2014 முதல் அகழ்ந்த மத்திய தொல்லியல் அதிகாரியின் அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025இல் கேட்கப்பட்டதும், அதனால் எழுந்த சர்ச்சையும் தெரிந்ததே. ஆனால் அங்கு 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தானே அகழ்வை நடத்தியது, அருங்காட்சியகம் அமைத்தது. கையில் ஒரு திணைக்களம் இருப்பதன் பயன் அது. எமது மாகாண சபைக்கு அந்த அதிகாரம் கிடையாது. இலங்கையில் தொல்லியல் நடைமுறையில் மத்திய அரசின் கையில் உள்ளது. வர்த்தமானியில் ஒரு மேடு தொல்லியல் இடமாக அறிவிக்கப்பட்டால், அதன் பின் அங்கே வரம்பு கட்டவும் முடியாது, மண்வெட்டி போடவும் முடியாது.

என்ன செய்யலாம்?

அகழும் அதிகாரம் இல்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. யொங்சோவில் ஷுனை ஆராய்வோர் செய்வதில் பெரும்பகுதி மண்வெட்டி வேண்டாத வேலை. கோவில் கல்வெட்டுகளைப் படியெடுப்பது, ஊர்ப்பெயர்களைத் திரட்டுவது, முதியவர்களின் கதைகளைப் பதிவு செய்வது, சடங்குகளைப் படம் பிடிப்பது, பழைய நூல்களை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பது ஆகியன அவை. இவற்றுக்கு வர்த்தமானி அனுமதி தேவையில்லை.

முதலாவதாக, யாழ். பல்கலைக்கழகத்தில் யாழ்ப்பாண இராச்சியத்திற்கும் வடபுலத் துறைமுகங்களுக்குமென ஒரு நிலையான ஆய்வு மையம் வேண்டும். ஒரு பேராசிரியர் ஓய்வுபெற்றதும் அவரோடு அடங்கிவிடும் தனிமனித முயற்சிகளாக இல்லாமல், தொடர்ந்து ஆள் பயிற்றும் இடமாக அது இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் அயலில் ஜேம்ஸ் இரத்தினம் நிறுவிய ஈவ்லின் இரத்தினம் நிறுவனம், தனியொருவரின் கொடையிலும் ஆய்வகம் எழ முடியும் என்பதற்கு உதாரணம். ஆண்டுதோறும் தேருக்கும் கோபுரத்துக்கும் அனுப்பப்படும் புலம்பெயர் நிதியில் சிறு பங்கு இதற்கு வந்தாலே போதுமானது.

இரண்டாவதாக, போர்த்துக்கல், நெதர்லாந்து, கோவா ஆவணக் காப்பகங்களில் எமது ஊர்களைப் பற்றிய தாள்கள் இருக்கின்றன. 1591இல் கொழும்புத்துறையில் என்ன நடந்தது என்பதை நாம் அறிவது பெரும்பாலும் போர்த்துக்கேயர் எழுதியவற்றிலிருந்தே. அந்த மொழிகளைப் படிக்கத் தெரிந்த தமிழ் இளைஞர்கள் இன்று ஐரோப்பாவில் வளர்ந்து நிற்கின்றனர். அவர்களில் சிலரையேனும் இந்தப் பணிக்கு அழைக்க வேண்டும்.

மூன்றாவதாக, சொல்லத் தயங்கும் ஒன்று. எமது பழமையை எழுதும்போது நாமும் அடுக்குமேல் அடுக்குக் கட்டும் ஆசைக்கு ஆட்பட்டு வருகின்றோம். சமூக ஊடகங்களில் பத்தாயிரம், இருபதாயிரம் ஆண்டுகள் என்று நாளுக்கு நாள் நீண்டு போகும் பெருமைக் கதைகள், குருந்தூர்மலை வழக்கில் எமக்கு உதவப் போவதில்லை. அங்கே உதவுவது படியெடுத்த கல்வெட்டு, திகதியிட்ட புகைப்படம், பதிவு செய்த முதியவரின் வாக்குமூலம். ஆதாரமற்ற ஒரு பெருமையை நாம் எழுப்பினால், அதைத் தகர்க்கும் கையோடு எதிர்த்தரப்பு எமது ஆதாரமுள்ள உரிமையையும் தகர்த்துவிடும். சங்கிலியன் சிலைக்கு முத்திரைச்சந்தியில் மாலை போடுகின்றோம். மந்திரிமனையையும் யமுனா ஏரியையும் பேணுவதில் அந்த அக்கறையைக் காட்டினோமா என்றும் எம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழும்புத்துறையிலிருந்தே இதைத் தொடங்கலாம். இறங்குதுறையில் ஒரு சிறிய பலகை: 1591இல் இங்கு நடந்தது என்ன, அதற்கு முன்பும் பின்பும் இக்கரையிலிருந்து எங்கெல்லாம் தோணிகள் போயின, 1995இலும் 2000இலும் இவ்வூர் மக்கள் எங்கெங்கு இடம்பெயர்ந்தனர் என்று மும்மொழியிலும் எழுதி வைக்கலாம். அதற்குரிய தகவல்களை அயலிலுள்ள பாடசாலைகளின் உயர்தர மாணவர்கள் தங்கள் பாட்டன் பாட்டிமாரிடமிருந்து ஒரு தவணைக்குள் திரட்டிவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்றே அந்தப் பலகையில் எழுதட்டும். ஐயத்தின் பெயரைத் தாங்கிய மலைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றார்கள்.

திரட்டும் வேலைக்கு அவகாசம் அதிகமில்லை. கடனீரேரியில் பாய்விரித்துப் பூநகரிக்குப் போன கதையைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை இன்னும் எம்மோடு இருக்கின்றது. அவர்கள் சொல்வதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.